மனு ரைட்டரில் இருக்கிறது, மெயிலில் ஏன் போகவில்லை?

கேள்வி திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயிகள் சங்கச் செயலாளர் ஒருவருடையது. கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து உயர்த்தக் கோரும் மனுவை லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற இலவச எழுது மென்பொருளில் வைத்திருக்கிறார். ஃபைல் மெனுவில் சென்ட், அதற்குள் இமெயில் டாகுமென்ட் என்று அழுத்தினால், வேலை செய்யும் மின்னஞ்சல் அமைப்பு கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. மகன் ஊருக்கு வந்தபோது ஏதோ செய்து ஒருமுறை போக வைத்தார். மனுவைப் பெற்ற அலுவலகத்தார், "எழுத்தெல்லாம் கிறுக்கலாக இருக்கிறதே" என்று சொல்லிவிட்டார். மழையில் மூழ்கிய சம்பாப் பயிரின் படங்களோடு அனுப்பிய இன்னொரு மனு திரும்பியே வந்துவிட்டது. "ரைட்டரைத் தூக்கிவிட்டு வேர்டு போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் ஐயா. நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு கோளாறுகள். அவற்றில் ஒன்றுகூட ரைட்டர் செய்த தவறு இல்லை. வேர்டு போட்டாலும் மூன்றும் அப்படியே இருக்கும். முதலாவது இன்னும் கொஞ்சம் கூடலாம். கும்பகோணத்தில் இருபது வருடமாகத் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். "மெயில் போகவில்லை" என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் எழுதிய மென்பொருளைத்தான் முதலில் திட்டுகிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த மதகில் நின்றது என்று வாய்க்காலோரம் நடந்து பார்க்கிறவர் நீங்கள். இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ரைட்டரோ வேர்டோ அந்த மெனு வழியாகத் தானாக மெயில் அனுப்புவதில்லை. ஆவணத்தை ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதி, "இந்தக் கணினியில் மெயில் வேலை யாருடையது?" என்று வின்டோஸிடம் கேட்டு, அந்த நிரலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இந்தக் கைமாற்றுக்கு மேப்பி என்று பெயர். வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால்தான் நீங்கள் பார்த்த அந்தப் பெட்டி வரும். "ஆவணத்தைச் சேமித்து, மெயில் நிரலிலிருந்து இணைத்துக்கொள்ளுங்கள்" என்று அதே பெட்டியின் அடுத்த வரியில் வழியும் சொல்லியிருக்கும். அதைப் படிக்காமலே ஓகே அழுத்துகிறவர்கள்தான் அதிகம், நானும் அழுத்தியிருக்கிறேன்.

"ஜிமெயில் இருக்கிறதே, தினமும் குரோமில் திறக்கிறேனே" என்பீர்கள். சிக்கலே அங்குதான். உலாவியில் திறக்கும் ஜிமெயில் ஓர் இணையப் பக்கம். வின்டோஸின் கணக்கில் அது மெயில் நிரல் ஆகாது. வின்டோஸ் அமைப்பில் மின்னஞ்சலுக்குக் குரோமைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாலும் பயன் இல்லை. அந்த ஏற்பாடு, இணையப் பக்கங்களில் மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினால் மெயில் எழுதத் திறக்கும் 'mailto' இணைப்புகளுக்கு மட்டுமே. பெறுநர், தலைப்பு, கொஞ்சம் வாசகம் ஆகியவற்றை அது சுமக்கும்; கோப்பைச் சுமக்காது, அப்படி வகுக்கப்பட்டதே அல்ல. உங்கள் மகன் எதையாவது நிறுவியிருப்பார்; அதனால்தான் அந்த ஒருமுறை போயிருக்கிறது. பிறகு ஏதோ ஒரு புதுப்பிப்பில் அந்த ஏற்பாடு மாறியிருக்கலாம்.

எந்த மதகு என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. ரைட்டரை மூடிவிடுங்கள். மனு இருக்கும் கோப்புறையைத் திறந்து, கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, சென்ட் டு என்பதில் மெயில் ரெசிப்பியன்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வின்டோஸ் 11-இல் முதலில் ஷோ மோர் ஆப்ஷன்ஸ் என்பதை அழுத்தினால்தான் இது கண்ணில் படும். இதுவும் ரைட்டர் பயன்படுத்தும் அதே மேப்பி வழிதான். இங்கேயும் பிழை வந்தால் ரைட்டருக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை. கோப்பு இணைந்த புதிய மெயில் சாளரம் திறந்தால் வழி சரியாக இருக்கிறது, ரைட்டர் பக்கம் ஏதோ உரசுகிறது என்று பொருள். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் மென்பொருளை அழித்துத் திரும்ப நிறுவி ஒரு நாளைத் தொலைத்தவர்கள் என் கடைக்கே வந்திருக்கிறார்கள்.

உங்கள் கணினியில் இந்தச் சோதனையும் தோற்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் நிரலை நிறுவுங்கள். வின்டோஸோடு வந்த பழைய மெயில் செயலிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது. அதன் இடத்துக்குப் புதிய அவுட்லுக் வந்தது. பழைய செயலி இந்த மேப்பிக் கைமாற்றை ஏற்றதே இல்லை. புதிய அவுட்லுக்கை நம்பியும் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆபிஸோடு காசு கொடுத்து வாங்கும் பழைய அவுட்லுக் என்றால் நன்றாகவே வேலை செய்யும். ஒரு சங்கத்துக்கு அந்தச் செலவு எதற்கு?

தண்டர்பேர்டை நிறுவியதும் ரைட்டருக்கு ஓடிவிடாதீர்கள். முதலில் அதிலேயே உங்கள் ஜிமெயில் கணக்கைச் சேர்த்து, கூகுளின் உள்நுழைவுப் பக்கம் வந்ததும் அனுமதி கொடுத்து, உங்களுக்கே ஒரு வரி மெயில் அனுப்பிப் பாருங்கள். அது போய்ச் சேர்ந்த பிறகு, தண்டர்பேர்டின் அமைப்பில் பொதுப் பகுதியில் இயல்பு மெயில் நிரலாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் பொத்தான் உண்டு. அதை அழுத்தி, ஆம் என்று சொல்லிவிடுங்கள். வின்டோஸ் அமைப்பில் இயல்புச் செயலிகள் பகுதியிலும் மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு இருக்கட்டும். பிறகு தண்டர்பேர்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு, சென்ட் டு சோதனையை மறுபடி செய்யுங்கள். கடைசியில்தான் ரைட்டர்.

இவ்வளவுக்குப் பிறகும் ரைட்டரில் மட்டும் தகராறு செய்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, 32 பிட், 64 பிட் விவகாரம்; நிரல்கள் இந்த இரண்டு வகையில் வரும். லிப்ரே ஆபிஸ் ஒரு வகையாகவும் மெயில் நிரல் இன்னொரு வகையாகவும் இருந்தால் கைமாற்று இடறும். இரண்டையும் 64 பிட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஹெல்ப் மெனுவில் அபவுட் என்பதில் வகை தெரியும். இன்னொன்று, ஏதோ ஒரு நிரலை நிர்வாகி உரிமையோடு திறக்கும்படி யாரோ குறுக்குவழியில் குறித்து வைத்திருப்பார்கள். ஒன்று நிர்வாகியாகவும் மற்றது சாதாரணமாகவும் ஓடினால் ஒன்றின் பேச்சு மற்றதன் காதில் விழாது. இரண்டையும் சாதாரணமாகவே திறந்தால் போதும்.

"ரைட்டர் உறைந்துவிட்டது" என்றும் சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் உறைந்திருக்காது. தண்டர்பேர்டு திறந்த மெயில் சாளரமோ கடவுச்சொல் கேட்கும் சின்னப் பெட்டியோ ரைட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும். ஆல்ட், டேப் விசைகளைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினியில் லினக்ஸ் ஓடினால் கதை வேறு: அங்கே ரைட்டரின் டூல்ஸ் மெனுவில், ஆப்ஷன்ஸ், இன்டர்நெட், இமெயில் என்று போய் மெயில் நிரல் எது என்று நீங்களே காட்டிவிடலாம். வின்டோஸில் அந்தப் பக்கமே இருக்காது. தேடி ஏமாற வேண்டாம்.

வேர்டைப் பற்றிக் கேட்டீர்கள். அதிலும் இதே கைமாற்றுதான். இயல்பு மெயில் நிரல் இல்லாவிட்டால், இணைப்பாக அனுப்பும் பொத்தான் மங்கலாகக் கிடக்கும், அல்லது மேப்பி தோல்வி என்று ஒரு பெட்டி வரும். வீடு மாறினாலும் பிரச்சினை கூடவே வரும் என்று முதலில் சொன்னது இதனால்தான்.

அடுத்தது கிறுக்கல் எழுத்து. டெல்டா மாவட்டங்களில் நான் அதிகம் பார்க்கும் நோய் இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெற்றவரிடம் "கிறுக்கல் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிறுக்கலில் வகை உண்டு.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குவிந்திருந்தால், மனு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிக்கும் கடைகளில் இன்றைக்கும் அந்த எழுத்துருக்கள்தான் ராஜ்யம் செய்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால், கோப்புக்குள் உண்மையில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டுவதுதான் எழுத்துருவின் வேலை. வேடம் உங்கள் கணினியில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகக் கணினியில் இல்லை. அங்கே நடிகர் ஒப்பனை இல்லாமல் மேடையேறிவிடுகிறார். உங்கள் மனுவின் முதல் பிரதி ஏதாவது கடையில் அடித்ததாக இருக்கும். அதையே திறந்து திருத்தியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். சோதிப்பது எளிது: இரண்டு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. ஆங்கிலக் குப்பையாக மாறினால் பழைய எழுத்துரு.

எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால், எழுதியது யூனிகோடுதான். பெறுபவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. இப்போது இது அரிது. வின்டோஸ் 8-இலிருந்து நிர்மலா எழுத்துரு உடன்வருகிறது, அதற்கு முன்பே லதா இருந்தது. மேலே சாய்கோடு இட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால் அது மூன்றாவது வகை. யூனிகோடுத் தமிழை வழியில் ஏதோ ஒரு நிரல் மேற்கு ஐரோப்பிய எழுத்தாகத் தப்பாக வாசித்திருக்கிறது. இது மெயிலின் உடலில் தமிழை ஒட்டும்போதுதான் பெரும்பாலும் வரும். இணைப்பாகப் போகும் கோப்பில் வராது.

மூன்றுக்கும் உடனடி மருந்து பிடிஎஃப். ரைட்டரிலேயே சென்ட் என்பதற்குள் இமெயில் அஸ் பிடிஎஃப் இருக்கிறது. பிடிஎஃப் எழுத்துருவையும் தன்னோடு சுமந்துகொண்டு போவதால் பாமினியும் அழகாகத் தெரியும். ஆனால் அது ஒப்பனைதான். அலுவலகத்தில் யாராவது அந்தப் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்துக் குறிப்பு எழுத முயன்றால் மறுபடியும் ஜே, கே, பி, ஓ. பெயரைத் தேடினாலும் கிடைக்காது. யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டது. எனவே மனுவை ஒருமுறை முழுதாக மாற்றிவிடுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றும்போது ஒரு கவனம்: மனுவுக்கு இடையில் ஆங்கிலத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரி, கணக்குக் குறியீடு போன்றவற்றையும் கருவி பாமினி என்றே நினைத்துத் தமிழாக்கிவிடும். மாற்றிய பிறகு அவற்றை மட்டும் கையால் திருத்துங்கள். பட்டா எண்ணோடு வரும் ஆங்கில எழுத்தையும் பாருங்கள்; அங்கே பிசகினால் மனு வேறு வயலுக்குப் போய்விடும்.

கோப்பின் பெயரைத் தமிழில் நீளமாக வைப்பது உங்கள் வழக்கம் என்று தோன்றுகிறது. மொழிப்பற்றுக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் இணைப்பின் பெயருக்கு மட்டும் அதை ஒத்திவையுங்கள். 'கொள்முதல்' என்ற சொல்லில் கணினிக் கணக்குப்படி 9 குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 27. மெயிலின் தலைப்பகுதியில் அந்தப் பெயர் விழுக்காட்டுக் குறிகளாக விரியும்போது 81 எழுத்துகள். ஒரு சொல்லுக்கே இப்படி என்றால், 'கொள்முதல் நிலைய ஈரப்பத வரம்பு உயர்த்தக் கோரும் மனு இறுதி வடிவம் 3' என்ற பெயர் என்ன பாடுபடும்! பழைய மெயில் அமைப்புகள் இதை நடுவில் வெட்டிவிடும். பெயரின் வால் வெட்டுப்பட்டால் கோப்பின் வகைக் குறிப்பும் போய்விடும். பெறுபவர் எதில் திறப்பது என்று தெரியாமல் முழிப்பார். சின்னதாக ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர், தேதி போதும். மெயிலின் தலைப்பைத் தாராளமாகத் தமிழில் எழுதலாம், அது நன்றாகவே போகும்.

இனித் திரும்பி வந்த மனு. மெயிலர் டீமன் என்ற பெயரில் ஒன்று வந்திருக்கும். வைரஸ் என்று பயந்து அழித்திருப்பீர்கள். அது அஞ்சலகம் திருப்பி அனுப்பும் கடிதத்தில் காரணம் எழுதுவது மாதிரி. உள்ளே மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 550 என்றால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரி இல்லை. 552 என்றால் மெயிலின் எடை அதிகம், அல்லது பெறுபவரின் பெட்டி நிரம்பிவிட்டது. 535 உங்கள் பக்கத்துக் கடவுச்சொல் பிரச்சினை. உங்களுக்கு வந்தது 552 என்று பந்தயம் கட்டுவேன்.

கைபேசியில் எடுத்த படம் ஒன்று 4 அல்லது 5 எம்பி. பன்னிரண்டு படங்களை மனுவில் ஒட்டினால் 50 எம்பியைத் தாண்டலாம். ஜிமெயிலில் வரம்பு 25 எம்பி. பெறும் அலுவலகத்தின் வரம்பு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். இதற்குமேல் இன்னொரு சங்கடம்: மெயிலில் கோப்புகள் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன. 3 பைட் 4 எழுத்தாகும். எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். வரம்பு 10 எம்பி என்று யாராவது சொன்னால் 7 எம்பிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரைட்டரில் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கினால் எடை குறையும் என்று நினைக்காதீர்கள். படம் சின்னதாகத் தெரியும், உள்ளே முழுப் படமும் அப்படியே குந்தியிருக்கும். கைபேசிப் படத்தின் அகலம் சுமார் 4000 புள்ளி. ஏ4 தாளில் ஓரம் போக ஆறரை அங்குலம். அங்குலத்துக்கு 150 புள்ளி வீதம் 1000 புள்ளிகூட வேண்டாம். அகலத்தில் கால், உயரத்தில் கால் என்றால் பதினாறில் ஒரு பங்குதான் தேவை. படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் கம்ப்ரஸ் என்று வரும். அதில் 150 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) கொடுங்கள். அல்லது பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும்போது படத் துல்லியத்தை இயல்பான 300-இலிருந்து 150-க்கு இறக்குங்கள். மூழ்கிய நாற்று 150-லும் மூழ்கித்தான் தெரியும். மூலப் படங்களைக் கைபேசியில் அழிக்காமல் வைத்திருங்கள், ஆய்வுக்கு வருகிறவர் கேட்பார்.

மெயில் திரும்பியும் வரவில்லை, போயும் சேரவில்லை என்றால் தண்டர்பேர்டின் அவுட்பாக்ஸைப் பாருங்கள். மின்சாரமும் இணையமும் போய்ப்போய் வரும் நாளில் அது ஆஃப்லைன் நிலைக்கு மாறிக்கொண்டு, மெயில்கள் கொள்முதல் நிலைய வாசலில் நெல் மூட்டை மாதிரி வரிசையில் கிடக்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மனு அனுப்புகிறவருக்கு இந்த சென்ட் மெனுவே தேவையில்லை. நான் பயன்படுத்துவதில்லை. சேமித்து, பிடிஎஃப் எடுத்து, அதை ஒருமுறை திறந்து கண்ணால் பார்த்து, உலாவியில் ஜிமெயிலைத் திறந்து காகிதப்பின் படத்தை அழுத்தி இணைத்தால் வேலை முடிந்தது. மேப்பியும் இல்லை, பிட் கணக்கும் இல்லை. சென்ட் மெனுவில் ஓர் ஆபத்தும் உண்டு: மெயில் சாளரம் திறந்த பிறகு மனுவில் ஒரு வரி திருத்தினால், போவது திருத்துவதற்கு முந்தைய பிரதிதான். தேதி மாற்றிய மனு போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். தினம் இருபது முப்பது ஆவணம் அனுப்பும் இடமென்றால் மட்டும் மேலே சொன்ன ஏற்பாட்டுக்கு அரை நாள் செலவழிப்பது நியாயம்.

கடிதத்தின் கடைசி வரியில், உறுப்பினர்கள் எல்லாருக்கும் அவரவர் பெயரிட்டு ரைட்டரிலிருந்தே மெயில் அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும், மெயில் மெர்ஜ் என்று பெயர். விந்தை என்னவென்றால், இதில் மட்டும் ரைட்டர் யாரிடமும் ஒப்படைக்காமல் தானே அனுப்பும். அதனால் தண்டர்பேர்டு சரியாக இருந்தாலும் இது ஓடாது. தனியாக அமைக்க வேண்டும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்று போனால் மெயில் மெர்ஜ் இமெயில் என்று ஒரு பக்கம். அங்கே ஜிமெயிலின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சர்வர்) முகவரி, வாயில் எண் (போர்ட்) 587, பாதுகாப்பான இணைப்புக்கு டிக். கடவுச்சொல்லில்தான் எல்லாரும் முட்டிக்கொள்கிறார்கள். வழக்கமான ஜிமெயில் கடவுச்சொல் செல்லாது. 2022 மே 30-உடன் தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழியைக் கூகுள் அடைத்துவிட்டது. கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக் கடவுச்சொல் என்று 16 எழுத்தில் ஒன்று வாங்கி அதை இட வேண்டும். அதே பக்கத்தில் டெஸ்ட் செட்டிங்ஸ் பொத்தான் இருக்கிறது; இரண்டு வரியிலும் பச்சைக் குறி வந்த பிறகே பட்டியலில் கை வையுங்கள். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. உங்கள் சங்கத்துக்கு அது போதும். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் முகவரியே இருக்காது. அவர்களுக்கு அதே பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.